மோட்டார் கைவிட்டால் ஹெட்டை எது தாங்கும்?

விஎம்சி மெஷினில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) ஹெட்டை மேலும் கீழும் நகர்த்தும் இசட் ஆக்சிஸ் மோட்டார் பழுது. ஹெட் என்பது டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் இருக்கும் பாகம். கழற்றி சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று. மேலே ஏறி மோட்டாரின் நான்கு போல்ட்டையும் எடுத்தாயிற்று. இனி மோட்டாரைத் திருகோடு இணைக்கும் கப்ளிங்கின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் மோட்டார் கையோடு வந்துவிடும். அந்த ஸ்க்ரூ தளர்ந்த கணத்தில் 300 கிலோ எடையுள்ள ஹெட் கீழே இறங்குகிறது. ஒரு விநாடிகூட ஆகாது. டேபிளில் ஜாபை (செதுக்க வேண்டிய உலோகத் துண்டை) இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இருந்தால் வைஸ் நொறுங்கும். வைஸை யாராவது துடைத்துக்கொண்டிருந்தால் கை போகும்.

"பிரேக் போட்டுத்தானே இருந்தது?" என்று அப்போது எல்லோரும் கேட்பார்கள். போட்டுத்தான் இருந்தது. இப்போதும் அது பிடியை விடவில்லை. ஆனால் அது பிடித்திருப்பது மோட்டாரின் ஷாஃப்டை. பெரும்பாலான மெஷின்களில் அந்த பிரேக் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. மோட்டாரைக் கழற்றினால் பிரேக்கையும் சேர்த்துத்தான் கழற்றுகிறோம்.

அதனால் செங்குத்தாக நகரும் ஓர் அச்சைப் பார்க்கும்போது, பிரேக்கின் பலம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் நான் வேறொன்றைக் கேட்பேன்: பிரேக்குக்கும் சுமைக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன? நடுவில் இருக்கும் எது அறுந்தாலும், தளர்ந்தாலும், கழற்றப்பட்டாலும் பிரேக் இருந்தும் பயனில்லை.

சரி, ஹெட் ஏன் விழுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பழைய மில்லிங் மெஷின்களில் இந்தப் பயம் இவ்வளவு இல்லை. அங்கே அச்சை நகர்த்தியது சாதாரணத் திருகு, வெண்கல நட்டு. திருகின் ஏற்றக் கோணம் (புரியின் சாய்வு) உராய்வுக் கோணத்தைவிட (சாய்வில் வைத்த பொருள் வழுக்கத் தொடங்கும் கோணம்) சிறியதாக இருந்தால், எவ்வளவு எடை ஏற்றினாலும் திருகு தானாகச் சுழலாது. எண்ணெய் போட்ட எஃகுக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் உராய்வுக் கோணம் ஏறக்குறைய 6 முதல் 9 டிகிரி வரும். அதற்குக் கீழே கோணம் உள்ள திருகு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும்.

விஎம்சியில் ஹெட்டை நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. 40 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. லீடும் (ஒரு சுற்றில் நட்டு நகரும் தூரம்) உள்ள பால் ஸ்க்ரூவின் ஏற்றக் கோணம் 4.5 டிகிரிதான். கோணத்தை மட்டும் பார்த்தால் பூட்டிக்கொள்ளும் போலத் தோன்றும். ஆனால் உள்ளே உருள்வது எஃகுக் குண்டுகள். உருளும் உராய்வின் கோணம் ஒரு டிகிரியில் சிறு பங்கு. எனவே மேலிருந்து எடை அழுத்தினால் திருகு தாராளமாகச் சுழலும். மோட்டார் கொடுக்கும் வேலையில் சுமார் 90 சதவீதத்தைச் சுமைக்குக் கொண்டுசேர்க்கும் அதே நல்ல குணம்தான், மோட்டார் இல்லாதபோது சுமையைக் கீழே விடுகிறது. வீட்டில் 3டி பிரின்டர் வைத்திருப்பவர்கள் இதைச் சிறிய அளவில் பார்த்திருப்பார்கள். 8 மி.மீ. விட்டத் திருகில் லீடும் 8 மி.மீ. என்றால் கோணம் 20 டிகிரியைத் தொடும். மின்சாரத்தை அணைத்ததும் கனமான பாகம் மெதுவாக இறங்கலாம். அதே விட்டத்தில் லீட் 2 மி.மீ. என்றால் கோணம் 5 டிகிரி. அப்படியே நிற்கும்.

நம் 300 கிலோ ஹெட்டுக்கு ஒரு கணக்கு போடலாம். எடையைச் சமன்செய்யும் கவுண்டர் வெயிட் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எடையின் விசை ஏறக்குறைய 2,940 நியூட்டன். 10 மி.மீ. லீடில் இது திருகின் மேல் 4.7 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையாக மாறும். நல்ல பாக்ஸ் ஸ்பேனரை ஒரு கையால் இழுத்தாலே இதைவிட அதிகம் வரும். அந்தச் சிறிய எண்தான் ஏமாற்றுகிறது. இவ்வளவு கொஞ்சம் முறுக்கு விசையை மோட்டார் பிடித்துக்கொண்டிருக்கும்வரை 300 கிலோ அசையாது. அதை விட்டால் நிற்க வேறு காரணமே இல்லை.

எவ்வளவு வேகமாக விழும்? கிணற்றில் கல் விழும் வேகத்தில் அல்ல. ஹெட் 10 மி.மீ. இறங்க வேண்டுமானால் திருகும் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரும் ஒரு முழுச் சுற்று சுற்றியாக வேண்டும். அவற்றைச் சுழற்றிவிடுவதிலேயே எடையின் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது. இந்த அளவு மெஷினில் வழக்கமாக இருக்கும் மோட்டாரையும் திருகையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஹெட்டோடு இன்னும் 2,700 கிலோ போலச் சேர்த்து இழுக்க வேண்டிய நிலை வரும். அதனால் முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 100 மில்லி விநாடியில் ஹெட் இறங்குவது 5 மி.மீ. அளவுக்குத்தான்.

ஆனால் மோட்டாரைக் கழற்றிவிட்டால், அல்லது கப்ளிங் உடைந்தால், ரோட்டாரின் தடை போய்விடும். மீதி இருப்பது திருகின் தடை மட்டுமே. முடுக்கம் ஏறக்குறைய மூன்று மடங்காகும்; 500 மி.மீ. தூரத்தை ஹெட் 0.6 விநாடியில் கடந்துவிடும். லீனியர் மோட்டார் வைத்த செங்குத்து அச்சில் சுழலும் பாகமே இல்லை. அங்கே முழுப் புவியீர்ப்பு: 100 மில்லி விநாடியில் 49 மி.மீ. அப்படிப்பட்ட அச்சுக்குத் தனி பிரேக்கும் எடையைச் சமன்செய்யும் ஏற்பாடும் இல்லாமல் நான் பக்கத்தில் போகவே மாட்டேன்.

50 மி.மீ. விழுந்தாலே 300 கிலோ சுமக்கும் ஆற்றல் 147 ஜூல். 15 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, ஒரு கிலோ எடைக்கல் விழுவதற்குச் சமம்.

மோட்டாருக்குள் இருக்கும் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் புரியும். ஸ்பிரிங் ஒன்று தட்டை அழுத்தி, உராய்வு டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். 24 வோல்ட் டி.சி. கொடுத்தால் காயில் அந்தத் தட்டை இழுத்து டிஸ்க்கை விடுவிக்கும். மின்சாரம் இருந்தால் விடுதலை, இல்லாவிட்டால் பிடி. கரண்ட் போனாலும் வயர் அறுந்தாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் இந்த அமைப்பு. ஸ்பிரிங்குக்குப் பதிலாக நிரந்தரக் காந்தத்தை வைத்த பிரேக்குகளும் உண்டு. அங்கே காயிலின் காந்தப்புலம் நிரந்தரக் காந்தத்தின் இழுப்பை ரத்து செய்கிறது. அதனால் வோல்டேஜ் குறைந்தாலும் கூடினாலும் அது சரியாக விடுபடாமல் உரசத் தொடங்கும்.

இரண்டு வகையும் நிறுத்தும் பிரேக் அல்ல, நின்றதைப் பிடித்துவைக்கும் பிரேக். முதலில் டிரைவ் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து இயக்கும் மின்னணுப் பெட்டி), மோட்டாரை நிறுத்த வேண்டும், பிறகு பிரேக் பிடிக்க வேண்டும், அதன் பிறகுதான் டிரைவ் கையை எடுக்க வேண்டும். வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் அச்சில் பிரேக் விழுந்தால் ஒவ்வொரு தடவையும் டிஸ்க் தேயும். கணக்கில்லாமல் எமர்ஜென்சி பட்டனை அழுத்தி மெஷினை நிறுத்தும் பழக்கம் உள்ள இடங்களில் இந்த பிரேக் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே போகும். எண்ணெயோ கூலன்ட்டோ உள்ளே கசிந்தாலும் இதே கதிதான். பிடிப்பு பாதியாகக் குறைந்த பிரேக்கும் எடையைத் தாங்கிக்கொண்டுதான் நிற்கும், ஒருநாள் தாங்காமல் போகும்வரை.

அப்புறம் நேரம். பிரேக் காயிலில் மின்சாரம் நின்றவுடன் பிடித்துவிடாது. மோட்டாரின் அளவைப் பொறுத்துச் சில பத்து மில்லி விநாடி ஆகும். பெரியவற்றில் 100-ஐத் தாண்டும். டிரைவ் அதற்குள் மோட்டாரை விட்டுவிட்டால், நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் ஹெட் இறங்கிவிடும். ஒவ்வொரு முறை எமர்ஜென்சி அழுத்தும்போதும் இசட் கொஞ்சம் இறங்கி டூல் ஜாபில் குத்துகிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. சர்வோ டிரைவ்களில் இதற்கென்றே ஒரு டைமர் இருக்கிறது: பிரேக்குக்கு உத்தரவு போன பிறகும் இத்தனை மில்லி விநாடி மோட்டாரைப் பிடித்துக்கொண்டிரு என்று சொல்லும் பாராமீட்டர். மோட்டார் அல்லது டிரைவ் மாற்றியபின் பாராமீட்டரைத் திரும்ப ஏற்றும்போது இது விட்டுப்போவது சாதாரணமாக நடக்கும்.

வயரிங்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிரேக்குக்கான டி.சி.யை, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபயர் மூலம் எடுத்திருந்தால், சுவிட்ச் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். ஏ.சி. பக்கத்தில் வைத்து அணைத்தால், காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் ரெக்டிஃபயரின் டையோடு வழியாகவே சுற்றிக்கொண்டு மெதுவாகத்தான் அடங்கும். பிரேக் பிடிக்கத் தாமதமாகும். டி.சி. பக்கத்தில் அணைத்தால் உடனே பிடிக்கும். காயிலுக்குக் குறுக்கே வெறும் டையோடு மட்டும் போட்டிருந்தாலும் இதே தாமதம் வரும்; வேரிஸ்டர் (வோல்டேஜ் கூடினால் மட்டும் கடத்தும் பாகம்) போட்டால் குறையும். ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம், பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பத்து ஆண்டு ஓடிய மெஷினில் அந்த ஒரு சின்ன ரிலேயை மாற்றிவிடுவதற்கு ஆகும் செலவை ஒரு ஸ்பிண்டில் பேரிங்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கரண்ட் போகும்போது என்ன நடக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. டிரைவுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் கொஞ்சம் சக்தி மிச்சமிருக்கும். அதை வைத்துத்தான் பிரேக் பிடிக்கும்வரை மோட்டாரைத் தாங்க வேண்டும். ஆனால் 24 வோல்ட் தரும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸும் கரண்ட் போன பிறகு சில பத்து மில்லி விநாடி உயிரோடு இருக்கும். பிரேக் ரிலேயை டிரைவ் கட்டுப்படுத்தாமல், மின்சாரம் தீர்ந்ததும் தானாக விழட்டும் என்று விட்டிருந்தால், டிரைவ் முதலில் ஓய்ந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பிரேக்கைத் திறந்தே வைத்திருக்கும். அந்த இடைவெளியில்தான் ஹெட் இறங்கும். கரண்ட் அடிக்கடி கண்சிமிட்டும் இடங்களில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக டூல் உடைவதற்குக் காரணம் தெரியாமல் புரோகிராமைச் சந்தேகிப்பார்கள்.

சில டிரைவ்களில் டைனமிக் பிரேக் என்று ஒன்றும் உண்டு. மோட்டாரின் வயர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். விழும் சுமை மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டராகி எதிர்ப்பு கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேகம் இருந்தால்தான் எதிர்ப்பு வரும். நிற்கும் சுமையை அது பிடிக்காது, மெதுவாக இறங்கவிடும். மோட்டாரின் வைண்டிங் அறுந்திருந்தால், பவர் கேபிள் துண்டாகியிருந்தால், அதுவும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மின்சாரம், டிரைவ், பிரேக் பழுது. மெக்கானிக்கல் பழுதுக்கு வந்தால் நான் முதலில் கேட்ட கேள்வி திரும்ப வருகிறது. மோட்டார், கப்ளிங், திருகு, நட்டு, ஹெட் என்று ஒரு சங்கிலி. சில மெஷின்களில் கப்ளிங்குக்குப் பதில் டைமிங் பெல்ட். பிரேக் சங்கிலியின் ஒரு முனையில், எடை மறுமுனையில். கப்ளிங்கின் கிளாம்ப் வழுக்கினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்க, திருகு மட்டும் சுழலும். பெல்ட் அறுந்தாலும் அதேதான். பெல்ட் வைத்த செங்குத்து அச்சில் மோட்டார் பிரேக்கை மட்டும் நம்பியிருப்பது தவறு என்று தயங்காமல் சொல்வேன். திருகின் மறுமுனையில், பேரிங்குக்கு வெளியே, ஸ்பிரிங்கால் பிடிக்கும் இன்னொரு பிரேக்கைப் பொருத்தினால் பெல்ட்டும் கப்ளிங்கும் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. திருகின் அந்த முனையில் ஷாஃப்ட் வெளியே நீண்டிருந்தால், பழைய மெஷினிலும் செய்யக்கூடிய வேலை இது.

நட்டு உடைந்தால்? குண்டுகள் சிதறிப்போன பால் நட்டுக்கு எந்தத் திருகு பிரேக்கும் உதவாது. அதற்கு ஹெட்டையே நேரடியாகப் பிடிக்க வேண்டும். ஹெட் நகரும் தண்டவாளமான லீனியர் கைடு ரெயிலைக் கவ்வும் கிளாம்ப்புகள் இருக்கின்றன: காற்றழுத்தம் இருக்கும்வரை திறந்திருக்கும், காற்று போனால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் ரெயிலைக் கவ்வும். கெட்டியான உருளைத் தண்டு ஒன்றை நிறுத்தி, அதைக் கவ்வும் பூட்டை ஹெட்டில் பொருத்தும் வகையும் உண்டு. சுமை கீழே தள்ளத் தள்ள அதன் பிடி இறுகும்படி வடிவமைத்திருப்பார்கள். லிஃப்ட்டில் இருப்பதும் இதே எண்ணம்தான். 1854-இல் நியூயார்க் கிறிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ், தான் நின்றிருந்த மேடையைத் தூக்கி நிறுத்திய கயிற்றை எல்லோர் முன்னும் வெட்டச் சொன்னார். கயிறு தளர்ந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு, மேடையின் இருபுறமும் இருந்த கொக்கிகள் வழிகாட்டிச் சட்டங்களின் பற்களில் மாட்டிக்கொண்டன. மேலே இருந்த டிரம்மையும் அதன் பிரேக்கையும் அவர் நம்பவில்லை. விழும் பொருளையே பிடித்தார்.

கவுண்டர் வெயிட், ஹைட்ராலிக் சிலிண்டர், நைட்ரஜன் நிரப்பிய சமன்செய்யும் சிலிண்டர் ஆகியவற்றைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அவை மோட்டாரின் சுமையைக் குறைக்க வந்தவை. எடை சமனாக இருக்கும்வரை மோட்டார் போனாலும் ஹெட் பெரிதாக அசையாது என்பது உண்மைதான். ஆனால் செயின் அறுந்தால், ஹோஸ் வெடித்தால், வாயு கசிந்தால் முழு எடையும் பிரேக்கின் தலையில் விழும். எனவே பிரேக்கைத் தேர்ந்தெடுக்கும்போது சமன்செய்யும் ஏற்பாடே இல்லை என்று வைத்துத்தான் கணக்கு போட வேண்டும். ஹைட்ராலிக் என்றால் எண்ணெயைத் திரும்பிப் போகவிடாத செக் வால்வ் சிலிண்டரின் வாயிலேயே இருக்க வேண்டும். ஹோஸுக்கு அந்தப் பக்கம் இருந்தால், ஹோஸ் வெடிக்கும்போது அது எதையும் தடுக்காது. நைட்ரஜன் குறைவதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. இசட் அசையாமல் நிற்கும்போது மோட்டார் தாங்கும் சுமையைக் காட்டும் சர்வோ லோடு மீட்டர் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். அது ஏறிக்கொண்டே போனால் வாயு இறங்குகிறது என்று பொருள்.

ஆள் கீழே கை வைக்கும் இடம் என்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். டிரைவின் எஸ்டிஓ (Safe Torque Off) பாதுகாப்புச் செயல்பாடு மோட்டாருக்குப் போகும் முறுக்கு விசையை உறுதியாகத் துண்டிக்கும். கிடை அச்சில் இதைவிட நல்லது இல்லை. செங்குத்து அச்சில் மோட்டாரின் பிடியை எடுப்பது, எடையை முழுவதும் பிரேக்கிடம் ஒப்படைப்பதாகும். கதவைத் திறந்ததும் எஸ்டிஓ, அதன் கீழே ஆபரேட்டர் ஜாப் மாட்டுகிறார் என்றால், அவர் தலைக்கு மேலே இருப்பது அந்த ஒரே டிஸ்க்தான். ஜெர்மனியின் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்பான டி.ஜி.யு.வி., புவியீர்ப்பால் விழக்கூடிய அச்சுகளுக்கென்றே தனி வழிகாட்டித் தாள் வெளியிட்டிருக்கிறது. மனிதர் கீழே எவ்வளவு நேரம், உடலின் எந்தப் பகுதியோடு இருக்கிறார் என்பதைப் பொறுத்துத் தேவை கூடும். ஆபத்து பெரிதானால் ஒரே தடுப்பை நம்பாமல் இன்னொன்றும் வேண்டும், பிரேக்கை மெஷினே குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கவும் வேண்டும். இரண்டாவது தடுப்பு இன்னொரு பிரேக்காக இருக்கலாம். மோட்டாரை அணைக்காமல், அசையாமல் நிற்கிறதா என்று கண்காணித்தபடி பிடித்துவைப்பதாகவும் இருக்கலாம்.

அந்தச் சோதனையை நம் மெஷின்களிலும் செய்யலாம். பிரேக்கைப் போட்டுவிட்டு, மோட்டாரைக் கீழ்நோக்கி மெதுவாக அழுத்தச் சொல்ல வேண்டும். எடையும் மோட்டாரின் அழுத்தமும் சேர்ந்து சுமையைப் போல 1.3 மடங்கு வரட்டும். மோட்டாரின் சுழற்சியை அளக்கும் என்கோடர் அசைவு காட்டக் கூடாது. இந்த வசதி கண்ட்ரோலில் இல்லாதவர்களுக்கு, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் போதும். ஸ்பிண்டில் மூக்கின் கீழே டயலை நிறுத்தி, பூஜ்யம் வைத்து, கை எட்டத்திலிருந்து விலகி நின்று எமர்ஜென்சியை அழுத்துங்கள். எத்தனை மைக்ரான் இறங்கியது, நின்றதா, ஊர்ந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தரம் இறங்கி நின்றால் டைமரையும் வயரிங்கையும் பாருங்கள். நிற்காமல் ஊர்ந்தால் பிரேக் வழுக்குகிறது, அன்றே மாற்ற வேண்டும்.

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன மோட்டார் கழற்றும் வேலை. சர்வோ ஓடும் நிலையில் இருந்தால், மின்சாரத்தை அணைப்பதற்கு முன்பே டேபிளில் கெட்டி மரக்கட்டையை நேராக நிறுத்துங்கள். டூல் மாட்டும் ஸ்பிண்டில் டேப்பரின் வாயில் கட்டை படாமல், ஹெட் காஸ்டிங்கின் தட்டையான அடிப்பகுதியில் படும்படி வையுங்கள். ஹேண்ட்வீலால் சின்னச் சின்ன அடியாக இசட்டை இறக்கி, லோடு மீட்டர் குறைந்து ஹெட்டின் எடை கட்டைக்கு மாறியது தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் அழுத்தினால் அலாரம் வரும், கைடும் சிரமப்படும். மோட்டார் ஏற்கெனவே செத்துப்போயிருந்தால் ஹெட்டை இறக்கிக் கட்டையில் உட்கார வைக்க முடியாது. ஜாக்கையும் கட்டையையும் வைத்து ஹெட்டைக் கீழிருந்து தொட்டுத் தாங்க வேண்டும். அவசரத்தில் வெளியிலிருந்து 24 வோல்ட் கொடுத்து பிரேக்கைத் திறந்து ஹெட்டை இறக்கப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். திறந்த பிரேக்கைத் திரும்பப் போடுவதற்குள் ஹெட் எடுக்கும் வேகத்தை அந்த டிஸ்க் தாங்காது.

பிறகு மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகே கப்ளிங் ஸ்க்ரூவில் ஆலன் கீயை வைக்கலாம். புது மோட்டாரை ஏற்றி, கப்ளிங்கை உரிய டார்க்கில் இறுக்கி, மெஷினை ஆன் செய்தவுடன் கட்டையை எடுத்துவிடக் கூடாது. இசட்டை 2 மி.மீ. மட்டும் தூக்குங்கள். கட்டை அங்கேயே இருக்கட்டும். எமர்ஜென்சியை அழுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று அந்த 2 மி.மீ. இடைவெளியில் பாருங்கள். இடைவெளி ஐந்து நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தால் கட்டையை எடுக்கலாம்.